களப்பணி கற்றுத் தந்த பாடம்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

முன்னுரை

ஆராய்ச்சி என்றால் வெள்ளை அங்கி அணிந்து, சோதனைக் குழாய்களுக்கு நடுவே நின்று செய்வது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். தெருவில் நடந்து சென்று, திண்ணையில் உட்கார்ந்து, பிறர் சொல்வதைக் கேட்டு எழுதுவதும் ஆராய்ச்சியே என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம். அதை எங்களுக்கு உணர்த்தியவர் எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா. அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முதுகலை படிக்கிறார். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் அவரை வகுப்புக்கு அழைத்து, எங்களோடு உரையாடச் செய்தார்.

அக்கா ஒரு மணி நேரம் பேசினார். அதன் பயனாக நாங்கள் ஆறு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, நமது காஞ்சிபுரத்திலேயே, பிள்ளையார்பாளையத்தில் ஆறு நெசவாளர் இல்லங்களில் ஒரு சிறு களப்பணி செய்தோம். எங்களுள் இருவர் அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நாங்கள் படித்து அறிந்தவற்றையும், நேரில் சென்று செய்த தவறுகளையும் ஒளிக்காமல் இக்கட்டுரையில் தருகிறோம்.

மானிடவியல் என்றால் என்ன?

மானிடவியல் என்பது மனிதனைப் பற்றிய கல்வி. வரலாறும் பொருளாதாரமும் கூட மனிதனைப் பற்றியவைதாமே என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். அதற்கு அக்கா, "அரசன் எந்த ஆண்டு பட்டத்துக்கு வந்தான் என்று வரலாறு கேட்கும். வீட்டுக்கு வருமானம் எவ்வளவு என்று பொருளாதாரம் கேட்கும். அந்த வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், ஏன் என்று மானிடவியல் கேட்கும்" என்றார். உறவுமுறை, உணவு, தொழில், கருவிகள், மொழி, நம்பிக்கை, உடலமைப்பு ஆகிய அனைத்தும் இக்கல்வியில் அடங்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை 1945-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஆனால் அதற்கு முன்பே நம் நாட்டு மக்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 7 தொகுதிகளை 1909-ல் வெளியிட்டார். அவர் மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தும் குறித்துவைத்தார். மூக்கின் அகலத்தைக் கொண்டு ஒருவரின் உயர்வு தாழ்வைச் சொல்ல முடியாது என்பதை அறிவியல் பின்னர் தெளிவாக்கிவிட்டது. இன்றைய மாணவர்கள் அளவுக் கருவியை மட்டும் நம்பிப் போவதில்லை. அவர்களுக்குக் காதும் கண்ணும் நோட்டுப் புத்தகமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும்.

களப்பணி தோன்றிய கதை

மக்கள் வாழும் இடத்துக்கே சென்று, அவர்களோடு இருந்து அறிவதைக் களப்பணி என்பர். உழவனுக்கு நெற்களம் எப்படியோ அப்படியே இந்த மாணவருக்கு ஊர் ஒரு களம் என்று கொள்ளலாம்.

களப்பணியின் தொடக்க காலத்தில் நமது தமிழகத்து மலை ஒன்றுக்கும் இடம் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்பவர் 1901-02-ல் நீலகிரிக்கு வந்து, தோடர் மக்களிடையே சில மாதங்கள் ஆய்வு செய்தார். ஒவ்வொருவரிடமும் அவருடைய பெற்றோர் யார், பிள்ளைகள் யார், யாருக்கு யாரை மணம் முடித்தார்கள் என்று கேட்டு வமிச வரிசைகளைத் தயாரித்தார். அந்த வரிசைகளிலிருந்தே அவர்களுடைய உறவுமுறையும் திருமண வழக்கங்களும் புலப்பட்டன. அவருடைய நூல் 1906-ல் வெளிவந்தது.

இதில் எங்களைச் சிந்திக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. தங்கள் சடங்குகளின் மறைபொருளை ரிவர்ஸிடம் சொன்ன சிலருக்கு, சொன்ன சில நாள்களில் நோயும் துன்பமும் நேர்ந்தனவாம். வெளியில் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்று அவர்கள் அஞ்சினார்கள். ரிவர்ஸே இதை எழுதியிருக்கிறார். கேள்வி கேட்பவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். பதில் சொன்னவரோ அங்கேயே வாழ வேண்டியவர் அல்லவா?

அடுத்து வந்தவர் போலந்து நாட்டில் பிறந்த மாலினோவ்ஸ்கி. இவர் இலண்டன் பொருளாதாரக் கல்லூரியின் மாணவராக இருந்தவர். 1915 முதல் 1918 வரையிலான காலத்தில், நியூகினிக்கு அருகிலுள்ள திரோப்ரியாண்டு தீவுகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கினார். கிராமத்தின் நடுவிலேயே கூடாரம் அடித்து, அவர்கள் மொழியைக் கற்று, அவர்கள் படகு கட்டுவதையும் தோட்டம் போடுவதையும் சண்டையிடுவதையும் அன்றாடம் பார்த்து எழுதினார். 1922-ல் அவரது நூல் வெளிவந்த பிறகு, மக்களோடு நீண்ட காலம் வாழ்ந்து பார்ப்பதே களப்பணியின் இலக்கணம் என்றாகிவிட்டது.

பாலாற்றுக்கு அப்பால் ஒரு தூசி

இவை எல்லாம் தொலைவிலுள்ள செய்திகள். நம் ஊருக்கு மிக அருகில் நடந்த ஒன்றை அக்கா சொன்னபோது நாங்கள் வியப்படைந்தோம்.

1915-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்த கில்பர்ட் சிலேட்டர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் ஆவார். நூல்களில் உள்ள பொருளாதாரத்தைக் கொண்டு இந்தியாவைப் புரிந்துகொள்ள முடியாது என்று அவர் கருதினார். ஆகவே ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்து, மாணவர்களிடம் கொடுத்து, அவரவர் அறிந்த கிராமங்களை ஆராய்ந்துவரச் செய்தார். நிலம் யாருடையது, கிணறு எத்தனை, கூலி என்ன, கடன் எவ்வளவு என்றெல்லாம் 1916-ஆம் ஆண்டையொட்டிக் கேட்டு எழுதப்பட்ட அந்த விவரங்கள் 1918-ல் நூலாக வெளிவந்தன. திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு ஆகியவற்றோடு, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் தூசி கிராமமும் அந்நூலில் இடம்பெற்றது. தூசி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே போனால் சிறிது நேரத்தில் வந்துவிடும் ஊர் அது!

அத்தோடு கதை முடியவில்லை. 1936-37-ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மீண்டும் ஆராய்ந்தனர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகனும் பிறரும் தூசிக்கும் இருவேல்பட்டுக்கும் மறுபடியும் சென்றனர். இருவேல்பட்டின் நிலையை 2008 வரை தொடர்ந்து எழுதியுள்ளனர். ஒரு கிராமம் நூறாண்டுகளுக்குள் எப்படி மாறியது என்று இன்று சொல்ல முடிகிறது என்றால், அதற்கு முதல் காரணம் 1916-ல் நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் இறங்கிய மாணவர்களே.

சொந்த ஊர் என்றால் எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரியாது என்பதே விடை. ஆந்திரே பெத்தேய் என்ற அறிஞர் முனைவர் பட்ட ஆய்வுக்காக 1961-62-ல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கினார். அக்கிரகாரத்தில் அவருக்கு வீடு கிடைத்தது. அங்கே தங்கிய காரணத்தாலேயே சேரிப் பகுதிக்கு விருப்பம்போல் சென்று பழகுவது அவருக்குக் கடினமாயிற்று. எந்தத் திண்ணையில் உட்காருகிறோமோ அந்தத் திண்ணையிலிருந்து தெரிவதுதான் நமக்குத் தெரியும் என்பதற்கு இது சான்று. தம் நூலில் அவர் அந்த ஊரின் உண்மைப் பெயரைச் சொல்லாமல் 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் இட்டார். தம்மிடம் மனம் விட்டுப் பேசியவர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதற்காக ஆராய்ச்சியாளர் கைக்கொள்ளும் மரபு இது.

மற்றொருவர் எம். என். சீனிவாஸ். 1948-ல் மைசூருக்கு அருகே ஓர் ஊரில் தங்கிச் சேர்த்த குறிப்புகளைப் பல ஆண்டுகள் உழைத்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று, அமெரிக்காவில் அவர் பணியாற்றிய இடத்துக்குச் சிலர் தீ வைத்ததில் ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் எல்லாப் படிகளும் எரிந்துபோயின. அவர் மனம் தளர்ந்துவிடவில்லை. நினைவில் நின்றதைக் கொண்டே நூல் எழுதி 1976-ல் வெளியிட்டார். கண்ணால் கண்டு, உடன் வாழ்ந்து அறிந்தது எளிதில் மறப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் காஞ்சியும் ஒரு களமே

காஞ்சி என்றால் கோயில். காஞ்சி என்றால் பட்டு. இவ்விரண்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் காலத்துச் செப்பேடு 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இவ்வூர் ஊரகம் கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு நெசவாளர் குடியிருப்புகளிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தி அதில் உள்ளது.

நம் ஊர் நெசவாளரைப் பற்றி அயல்நாட்டாரும் நம் நாட்டாரும் ஆராய்ந்து எழுதியுள்ளனர். இவான் ஆர்ட்டர்பர்ன் என்ற பெண்மணி காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி எழுதிய நூல் 1982-ல் வந்தது. 'ஒருவரையொருவர் சார்ந்திருக்கும் தறி' என்ற பொருள்பட அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். மானிடவியல் பேராசிரியர் மாட்டிசன் மைன்ஸ், கைக்கோளர் எனப்படும் செங்குந்தரின் நெசவையும் வாணிகத்தையும் பற்றி 1984-ல் எழுதினார். பத்மசாலியர் சமூகத்து நெசவாளரைப் பற்றி ஆர்த்தி காவ்ல்ரா எழுதிய நூல் 2018-ல் வெளிவந்தது. நாம் தினமும் மிதிவண்டியில் கடந்து செல்லும் தெருக்களைப் பற்றி, கடல் கடந்தும் படிக்கிறார்கள்! நாமோ அந்தத் தெருவின் ஒலியைக் கேட்டும் கேளாதவர்களாய்ப் போகிறோம்.

அக்கா சொன்ன விதிகள்

களப்பணிக்குப் புறப்படும் முன் எங்களுக்கு அக்கா சில விதிகளை எழுதிக் கொடுத்தார்.

1. யார் என்பதையும், எதற்காக வந்தோம் என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். அனுமதி தந்தால் மட்டுமே உள்ளே செல்ல வேண்டும்.

2. 'ஆம்', 'இல்லை' என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறைக்க வேண்டும்.

3. அவர்கள் சொல்லும் சொல்லையே எழுத வேண்டும். நம் சொல்லாக மாற்றக் கூடாது.

4. கேட்டதை ஒரு பக்கத்திலும், கண்டதை எதிர்ப் பக்கத்திலும் எழுத வேண்டும். இரண்டும் மாறுபட்டால் அங்கேதான் பாடம் இருக்கிறது.

5. அன்றைய குறிப்பை அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும்.

6. பெயரையும் வீட்டு எண்ணையும் வெளியிடக் கூடாது. எழுதி முடித்ததை அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும்.

விதிகளைப் படித்தபோது எளிதாகத்தான் இருந்தது. நான்காம் விதியில்தான் நாங்கள் இடறி விழுந்தோம்.

முதல் சனிக்கிழமை

நாங்கள் முதலில் சென்றது தீபாவளிக்கு இரண்டு வாரங்களுக்கு முன். அதுவே எங்கள் முதல் தவறு. தீபாவளிக்கு முன் நெசவாளருக்கு மூச்சு விடவும் நேரம் இராது என்பதை எங்களுள் அந்தத் தெருவைச் சேர்ந்த இருவர் சொல்லத்தான் செய்தார்கள். மற்ற நால்வரும் கேட்கவில்லை.

கையில் அச்சிட்ட படிவம் இருந்தது. குடும்பத் தலைவர் பெயர், தொழில், மனைவியின் தொழில், பிள்ளைகள், மாத வருமானம் என்று கட்டங்கள். வீட்டுக்கு இருபது நிமிடம் என்று கணக்கிட்டு, இரண்டு மணி நேரத்தில் ஆறு வீடுகளையும் முடித்துவிட்டோம். பெருமையோடு திரும்பி வந்தோம்.

'மாத வருமானம்' என்ற கட்டத்துக்கு மட்டும் ஒரு வீட்டிலும் நேரான பதில் கிடைக்கவில்லை. "மாசம்னா எந்த மாசத்தைச் சொல்றது? முகூர்த்த மாசமா, மழை மாசமா?" என்று ஒரு தாத்தா கேட்டார். நாங்கள் விழித்தோம். பிறகுதான் விளங்கியது. நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது, சேலைக்குக் கூலி. சங்கத்திலோ முதலாளியிடமோ பாவும் பட்டும் ஜரிகையும் வாங்கி வந்து, நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். எளிய சேலை சீக்கிரம் முடியும். வேலைப்பாடு மிகுந்த சேலைக்கு வாரங்கள் ஆகும். ஆக, தவறு பதிலில் இல்லை, எங்கள் கேள்வியில் இருந்தது.

எங்கள் படிவங்களை சிஸ்டர் அக்காவுக்கு அனுப்பிவைத்தார். பாராட்டு வரும் என்று காத்திருந்தோம். வந்தது ஒரே ஒரு கேள்விதான். "ஆறு வீட்டில் ஐந்தில் 'மனைவியின் தொழில்: ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தோம். முதல் வீட்டில் அம்மா இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் வீட்டில் தறிக்குப் பின்னால் அமர்ந்து, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். அவர்கள் கை ஒரு கணமும் நிற்கவில்லை. அந்த இராட்டையின் ஒலியில் பதில் சரியாகக் கேட்கவில்லை என்று எங்களுள் ஒருத்தி முணுமுணுத்ததும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதினோம். வீட்டுக்காரர் "அவ வீட்லதான் இருக்கா" என்று சொன்னார். நாங்கள் அப்படியே நம்பினோம். எதிர்ப் பக்கத்தில் எழுத வேண்டியதைக் கண்ணால் கண்டும் எழுதவில்லை.

இதில் மிகவும் வருந்தியவள் எங்கள் தோழிதான். அந்த ஆறு வீடுகளில் ஒன்று அவளுடையது. அவள் வீட்டுப் படிவத்தை எழுதியவளும் அவளே!

மழைக்காலத்தில் மறுபடியும்

கார்த்திகை மாதத்தில் மீண்டும் சென்றோம். இம்முறை படிவம் இல்லை. வெறும் நோட்டுப் புத்தகம் மட்டுமே. அடைமழையில் இரண்டு வீடுகளில் தறிக்குழியில் ஈரம் ஊறியிருந்தது. நெசவாளர் கால்களைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழி அது. ஈரம் இருந்தால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் கூலி இல்லை. தீபாவளிக்கு முன் பேச நேரமில்லாதவர்களுக்கு அன்று பேச நேரம் நிறைய இருந்தது. அந்த ஓய்வு எப்படிக் கிடைத்தது என்பதை எண்ணி நாங்கள் மகிழ முடியவில்லை.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, தோழியின் வீட்டில் காலை முதல் மாலை வரை இருந்து பார்த்தோம். அவளுடைய அம்மாவின் வேலைகளை மணிக் கணக்கோடு குறித்தோம். அவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

மூலப்பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை குஜராத்தின் சூரத்திலிருந்தும் நம் ஊருக்கு வருகின்றன. சாயமிட்ட பட்டு வீட்டுக்கு வந்தவுடன், சிக்கல் எடுத்து இராட்டையில் சுற்ற வேண்டும். இதைப் பட்டு இழைத்தல் என்கிறார்கள். பிறகு, நாடாவுக்குள் வைப்பதற்காக ஊடை நூலைத் தாராகச் சுற்ற வேண்டும். அன்று அவர் சுற்றிய தார்களை எண்ணத் தொடங்கினோம். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டோம். ஒரு பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையின் முனையோடு புதிய இழையின் முனையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. பாவுக்குக் கஞ்சி போட்டு, விடியற்காலையில் தெருவில் நீட்டி விரிக்கும்போதும் பெண்கள் ஒரு பக்கம் பிடிக்க வேண்டும்.

இவை தவிரக் கோர்வை இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும்போது, மூன்று நாடாக்களைக் கொண்டு உடலையும் கரையையும் பூட்டி நெய்வதே கோர்வை. இதற்கு ஒருவர் போதாது. நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். முன்னாளில் இந்த வேலைக்குச் சிறுவர் சிறுமியரை உட்காரவைத்ததால் அவர்களுடைய படிப்பு கெட்டது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அது 2016-ல் திருத்தப்பட்டது. இன்று எங்கள் தோழி பள்ளியில் இருக்கும் நேரத்தில் அந்த இடத்தில் அமர்பவர் யார்? அவளுடைய அம்மாதான். இத்தனைக்கும் நடுவே சமையல், தண்ணீர், துணி, ஆயாவுக்கு மருந்து!

"நான் தறியில நேரா உட்கார்றதில்ல கண்ணு. அதனால என்னை நெசவுக்காரின்னு யாரும் சொல்றதில்ல. ஆனா நான் ஒரு நாள் படுத்துட்டா, மறுநாள் தறியும் படுத்துடும்" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். ஆர்ட்டர்பர்ன் தம் நூலுக்கு இட்ட பெயர் அப்போதுதான் எங்களுக்கு முழுமையாக விளங்கியது.

இதை நாங்கள் மட்டும் கண்டுபிடித்துவிடவில்லை. 2019-20-ல் இந்திய அரசு எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, தறியில் அமர்பவரோடு துணைத் தொழில் செய்வோரையும் கணக்கில் சேர்த்திருக்கிறது. நாடு முழுவதும் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர் உள்ளனர், அவர்களுள் 8.48 லட்சம் பேர் துணைத் தொழிலாளர். மொத்தத்தில் நூற்றுக்கு 72 பேருக்கு மேல் பெண்கள். கணக்கெடுக்கச் சென்றவர்கள் "வீட்லதான் இருக்கா" என்ற பதிலோடு திரும்பியிருந்தால் இந்த எண் நமக்குக் கிடைத்திருக்குமா?

படித்துக் காட்டிய நாள்

முதல் நாளிலேயே அந்தத் தாத்தா எங்களைக் கேட்டிருந்தார். "எழுதி என்னம்மா பண்ணப் போறீங்க? கணக்கு எடுக்கறவங்க வந்தாங்க, போட்டோ புடிக்கறவங்க வந்தாங்க. எழுதினது என்னன்னு ஒருத்தரும் எங்களுக்குப் படிச்சுக் காட்டல." அதற்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. ஆகவே பொங்கல் முடிந்த வாரத்தில், எழுதி முடித்த கட்டுரையை எடுத்துக்கொண்டு ஆறு வீட்டாரையும் ஒரு வீட்டுக் கூடத்தில் சேர்த்து, உரக்கப் படித்தோம். எங்கள் கை நடுங்கியது. தேர்வில் கூட இப்படி நடுங்கியதில்லை!

அவர்கள் மூன்று இடங்களில் திருத்தினார்கள்.

பாவு பற்றி நாங்கள் முறை மாற்றி எழுதியிருந்ததை ஓர் அம்மா திருத்தினார். ஒரு வீட்டார் தங்கள் குடும்பத்தைப் பற்றிய ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். அது உண்மையான செய்திதான்; ஆனாலும் எடுத்துவிட்டோம். அது என்ன என்பதை இங்கும் எழுதவில்லை. மூன்றாவது திருத்தம் தாத்தாவுடையது. 'பாவம், ஏழை நெசவாளர்கள்' என்று நாங்கள் ஓரிடத்தில் உருக்கமாக எழுதியிருந்தோம். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "பாவம்னு போடாதம்மா. வேலை தெரிஞ்சவங்கன்னு போடு" என்றார். அங்கேயே அடித்துவிட்டு அப்படியே எழுதினோம். எங்கள் தமிழ் ஆசிரியை இட்ட எந்தச் சிவப்பு மைக் கோடும் எங்களை இவ்வளவு நாணச் செய்ததில்லை.

முடிவுரை

இந்தச் சிறு முயற்சியால் நாங்கள் ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டோம் என்று சொல்லமாட்டோம். பல்கலைக்கழக மாணவர்கள் வாரக் கணக்கிலும், முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் தங்கிச் செய்வதை நாங்கள் சில சனிக்கிழமைகளில் தொட்டுப் பார்த்தோம், அவ்வளவே. ஆனால் ஒன்றைக் கற்றோம். பதில் தவறாக வந்தால் முதலில் நம் கேள்வியைத் திருத்த வேண்டும். கேட்டது ஒன்றும் கண்டது வேறொன்றுமாக இருந்தால், அவசரப்படாமல் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் தோழி உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை நிரப்பினாள். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் சென்ற ஆண்டு வரை ஒரு சிறு கோடு மட்டும் இட்டுவந்தவள், இம்முறை "பட்டு இழைத்தல், தார் சுற்றுதல், பாவு பிணைத்தல், கோர்வைக்குத் துணை" என்று எழுதினாள். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று. அதைப் படித்துப் பார்த்த சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, புன்னகையோடு கையெழுத்திட்டார்.

அன்புத் தங்கையரே! பெயர்களை மறைத்து எழுதிய எங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் வைத்திருக்கிறோம். தூசி கிராமத்துக்கு மாணவர் போன பிறகு மீண்டும் மீண்டும் அறிஞர் சென்றதுபோல, உங்களுள் யாராவது பத்தாண்டு கழித்து, முன்போலவே அனுமதி பெற்று, பிள்ளையார்பாளையத்துக்குச் சென்று பாருங்கள். எந்தத் தறி ஓடுகிறது, எது நின்றுவிட்டது, தறிக்குப் பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். தயவு செய்து தீபாவளிக்கு முன் போகாதீர்கள்!